கடற்கரை பங்களாவில் கை நனைக்காத விருந்தாளி

வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துத் தங்குகிற கடற்கரை பங்களாவில் காசில்லாமல் தங்கி, அரைப் பட்டினி கிடந்து திரும்பியவன் ஓசூர் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கூட வந்த மைத்துனன் கோவிந்தராஜுவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவன் என்ன செய்தான் என்பது பின்னால் வரும்.

சிலோனிலிருந்து திரும்பிய நாளாக, தளி ரோட்டில் இருக்கும் என் உருளைக்கிழங்கு மண்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. அங்கே சாப்பாடு எப்படி? தமிழில் கேட்டார்கள், கன்னடத்தில் கேட்டார்கள், தெலுங்கில் கேட்டார்கள். மூன்று பாஷையிலும் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன காரியம் மாப்பிள்ளை பார்ப்பது. என் ஒரே மகள் வசந்தாவுக்கு ஊத்தங்கரை உறவுக்காரர் ஒருவர் வழியாக அந்த இடம் வந்தது. பையனின் அப்பா மாணிக்கம் ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவர். இளம் வயதிலேயே சிலோனுக்குப் போய் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, இப்போது கடற்கரையில் வரிசையாகப் பங்களாக்கள் கட்டி வாடகைக்கு விடும் ஓட்டலில் பங்குதாரர். பையன் சேகர் அதை நிர்வாகம் செய்கிறான். ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து நின்று எடுத்த போட்டோ வந்தது. படத்தில் மரம் நன்றாக விழுந்திருந்தது. பையன் முகத்தில் பாதி நிழல்.

வசந்தா போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்புகிற அன்று பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"போயி நல்லா பாத்துட்டு வாங்கப்பா. ஆனா அங்க கை நனைச்சிட்டு மட்டும் வந்துடாதீங்க. நீங்க வந்து எனக்குச் சொல்லணும். அப்புறம்தான் நான் சொல்லணும். கடலுக்கு அந்தாண்ட போகப் போறது நான்தானே?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிகிற வரை சாப்பிட மாட்டோம். காபி குடிக்கலாம், வெற்றிலை போடலாம், பழம் தின்னலாம். உப்புப் போட்ட சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அப்புறம் பின்வாங்கினால் அது மானப் பிரச்சினை. "சரிம்மா, நனைக்க மாட்டேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். ஒரு பகல்பொழுது பசி தாங்க வேண்டியிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் மனைவி புளிச்சோறு கட்டினாள். தட்டை மாதிரி இருக்கும் நிப்பட்டு ஒரு டப்பா, ராகி மாவு ஒரு பை, புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், ஒரு சின்னப் பாத்திரம் எல்லாம் வைத்தாள். உப்பு வைக்க மறந்துவிட்டாள்.

கப்பலை விட்டு இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி ராகி மாவுப் பையைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற போர்ட்டர் எங்களுக்கு மொழிபெயர்த்தான்: "இது என்ன சிமெண்டான்னு கேக்கிறார்." சாப்பாடு என்றேன். அதிகாரி மறுபடி கேட்டார். "மனுசருக்கா?" என்று மொழிபெயர்த்தான் போர்ட்டர். கோவிந்தராஜு சண்டைக்குப் போகப் பார்த்தான். ராகியைப் பழித்தால் எங்கள் பக்கத்து ஆளுக்கு வருகிற கோபம் வேறு எதற்கும் வராது.

தென் கடற்கரைப் பக்கத்து ரயிலடியில் மாணிக்கமே வந்து காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்கப் பல். தூரத்திலிருந்தே கையைத் தூக்கி, "வாங்க சம்பந்தி, வாங்க!" என்றார். பிளாட்பாரத்திலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார் மனுஷன்.

எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று பெரிய சங்கடம். பதிலுக்குச் சம்பந்தி என்றால் சம்மதித்த மாதிரி. அண்ணே என்றால் முறை மாறி, பிள்ளைகள் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள். ஆகவே அங்கே இருந்த நாள் பூராவும் "ஏங்க", "பாருங்க", "வந்துங்க" என்று வைத்தே ஓட்டினேன். ஒரு மனிதரைக் கூப்பிடாமலே பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

அவருடைய மோட்டார் வண்டி ஓட்டலுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் மணலில் புதைந்தது. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், டிரைவர் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளை பார்ப்பதற்காகவே கட்டிக்கொண்டு போன பட்டுக்கரை வேட்டி முழங்கால் வரைக்கும் மணல். வண்டி கிளம்பியபோது டிரைவர் எங்களை விட்டுவிட்டே போய்விட்டான். நிறுத்தினால் மறுபடி புதையும் என்று பயமாம்.

பங்களாக்கள் எல்லாம் தென்னோலை வேய்ந்த கூரை. நானோ கூரைவீட்டில் பிறந்து, பாடுபட்டு ஓட்டுவீடு கட்டி, இந்த வருஷம்தான் முன்பக்கம் மட்டும் தளம் போட்டவன். இங்கே கூரைக்குத்தான் வாடகை அதிகம் என்றார்கள். உள்ளே போனால் தரை பளபளவென்று இருந்தது. பிரம்பு நாற்காலி, கொசுவலை போட்ட கட்டில், படுத்துக் குளிக்க ஒரு வெள்ளைத் தொட்டி. அதைப் பார்த்த கோவிந்தராஜு, எங்கள் மாட்டுத் தண்ணித் தொட்டியைவிடச் சின்னது என்று தீர்ப்புச் சொன்னான். கதவைத் திறந்தால் பத்தடியில் கடல் கிடந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அப்போதுதான் மாணிக்கம் என் தோளில் கை போட்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இத ஓட்டல்னு நெனைக்காதீங்க சம்பந்தி. இது நம்ம வீடு!"

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். ஓட்டல் என்றால் காசு கொடுத்தோ கணக்கு எழுதியோ யாரும் சாப்பிடலாம், சம்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீடு என்று அவரே சொன்ன பிறகு அங்கே ஒரு பருக்கை தொட முடியாது.

அன்று மாலை கடலைப் பார்த்து மேசை போட்டார்கள். ஒரு முழ நீளத்துக்குச் சிங்கி இறால், செக்கச்செவேலென்று இரண்டாகப் பிளந்து, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டு இருந்தது. நண்டு, தேங்காய்ப் பால் ஊற்றிய மீன், காரமான தேங்காய்ச் சம்பல், ஆப்பம். எங்கள் புளிச்சோறு கப்பலிலேயே தீர்ந்துபோயிருந்தது. "வயிறு கொஞ்சம் சரியில்லைங்க" என்றேன். கோவிந்தராஜு என்னைப் பார்த்தான். "எனக்கும்தான்" என்றான், குரல் உடைந்து.

மாணிக்கம் விடுவதாக இல்லை. "ஒரு வாயி, ஒரே ஒரு வாயி" என்று தட்டை நகர்த்திக்கொண்டே வந்தார். சேகர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒல்லியான பையன். போட்டோவில் நிழலில் இருந்த பாதி முகமும் நன்றாகத்தான் இருந்தது. வந்து எங்கள் முன்னால் இருந்த தட்டுகளை எடுத்துவிட்டு, பப்பாளியும் வாழைப்பழமும் வைத்தான். "இத எடுத்துக்கங்க ஐயா" என்றான். அப்பா வாய்க்கு வாய் சம்பந்தி என்கிறார், பிள்ளை ஐயா என்கிறான் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் முழுவதும் பப்பாளி. அதன் பலனை விவரிக்க வேண்டியதில்லை.

பகலெல்லாம் கரையில் வெள்ளைக்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள். எங்கள் பக்கத்தில் புளியைக் காய வைப்பதுபோல ஒரு பக்கம் காய்ந்ததும் மறு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். எங்கள் ஊரில் வெயிலில் நிற்பவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இங்கே வெயிலில் கிடப்பவன் காசு கொடுக்கிறான். கோவிந்தராஜு காவேரிப்பட்டினத்துக்காரன், தென்பெண்ணையில் முழங்கால் தண்ணீரில் நீச்சல் பழகியவன். அந்தத் தைரியத்தில் கடலில் இறங்கினான். முதல் அலை அவனைத் தூக்கிப் போட்டது, இரண்டாவது அலை வேட்டியைக் கொண்டுபோனது. மீனவர் ஒருவர் படகிலிருந்து அதை எடுத்து வந்து தருகிற வரை, அவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று கடல் ரொம்ப நன்றாக இருப்பதாகக் கத்திக்கொண்டிருந்தான்.

இதற்குள் நாங்கள் எதுவும் சாப்பிடுவதில்லை என்ற சேதி பரவிவிட்டது. பக்கத்துப் பங்களாவில் ஒரு வயதான ஜெர்மன்காரம்மா. எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் பயந்துபோய் சேகரைக் கூப்பிட்டேன். அவன் அந்தம்மாவிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "உங்க ரெண்டு பேரையும் விரதமிருக்கிற சாமியாருங்கன்னு நெனைச்சிருக்காங்க ஐயா. பக்கத்துல உட்காந்தாலே மனசு அமைதியாகுதாம்."

எங்கள் வயிறு போட்ட சத்தத்தில் அந்தம்மாவுக்கு எப்படி அமைதி கிடைத்தது என்று தெரியவில்லை. நிப்பட்டு ஒன்று கொடுத்தேன். பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் நிப்பட்டும் தீர்ந்தது. பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஏதாவது ஒரு கடையில் வயிறாரச் சாப்பிட்டு வருவதென்று தீர்மானித்தேன். கோவிந்தராஜு தலைவலி என்று படுத்துவிட்டான். பஸ் பாதி வழியில் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கப் போய் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கிக்கொண்டது. மிச்ச தூரம் நடந்தேன். போய்ச் சேர்ந்தால் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. ஒரு வீட்டு வாசலில் நின்றவர் தமிழில் சொன்னார்: "இன்னைக்குப் போயா. லீவு." போயா என்றால் பௌர்ணமி, அமாவாசை மாதிரி நாள்; அந்த நாட்டில் இப்போது நிலாவைப் பார்த்துத்தான் வார விடுமுறை விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நடக்கிறது, நடுவாரத்தில் ஊரே மூடிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் சந்தை நாளை மாற்றினாலே வெட்டுக்குத்து நடக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமையையே மாற்றிவிட்டு அமைதியாக இருக்கிறார்கள்.

காலியான வயிற்றோடு திரும்பி வந்தேன். பங்களாவில் கோவிந்தராஜு இல்லை. சமையற்கட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், சமையற்காரர்கள் சுற்றி நிற்க, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தான் என் மைத்துனன். பக்கத்தில் ஒரு மலை சோறு. முழங்கை வரை நனைந்திருந்தது.

"மாமா," என்றான் என்னைப் பார்த்து, "மயக்கமா வந்துடுச்சு மாமா. செத்துட்டா அக்காவுக்கு யாரு பதில் சொல்றதுன்னு..."

நான் அவனைத் திட்டத் தொடங்குமுன் மாணிக்கம் வந்துவிட்டார். முகமெல்லாம் தங்கப் பல்.

"அப்புறம் என்ன சம்பந்தி? பொண்ணோட தாய்மாமனே கை நனைச்சாச்சு! காலைல வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். ஐயருக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம். பசி யோசிக்க விடவில்லை.

"அது ஆவாதுங்க," என்றேன். "இவன் தின்னது கணக்கில்ல. எம் பொண்ணு இன்னும் சரின்னு சொல்லல."

"பொண்ணு சொல்றதா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "பொண்ணு என்னாத்துக்குச் சொல்லணும்? அப்ப இத்தினி நாளா வயித்துவலி வயித்துவலின்னு நீங்க சாப்பிடாம இருந்தது..."

"அதுக்குத்தாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. சமையற்காரர்கள் முன்னால் வேறு. "மூணு நாளா ராசா மாதிரி வெச்சிருக்கேன். எஞ்சோறு உங்களுக்கு ஆவாதா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அன்றைக்கு அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பையன் நல்ல பையன் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. வேண்டாம் என்று வசந்தா சொன்னால் சரி, அது அவள் சொல்வது. அவள் சொல்வதற்கு முன்பே நான் கெடுத்துவிட்டேனோ என்றுதான் பயம். உள்ளே ஒரு மூலையில், கெட்டால் கெடட்டும், மகள் கடல் தாண்டிப் போக வேண்டாம் என்ற ஆசையும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், தாங்க முடியாமல், ராகி மாவை எடுத்தேன். குற்றவாளியான கோவிந்தராஜு கரைக்குப் போய் மூன்று கல்லும் காய்ந்த மட்டையும் பொறுக்கி வந்தான். மீனவர்களிடம் மீனும், குழம்புக்கு ஒரு சட்டியும், நல்ல தண்ணீரும் வாங்கினோம். கல்லும் மட்டையும் கடற்கரையுடையவை, மீனும் சட்டியும் தண்ணீரும் மீனவருடையவை, மாவும் புளியும் நம்முடையவை. இதில் சம்பந்தி வீட்டுச் சொத்து எதுவும் இல்லை என்று இரண்டு பேரும் வக்கீல்கள்போலப் பேசித் தீர்த்தோம். இரண்டு சாய்வு நாற்காலிகளுக்கு நடுவே அடுப்பு மூட்டினோம்.

புகையைப் பார்த்து சேகர் ஓடி வந்தான். "ஐயா, பங்களா எரியுதுன்னு அந்த ஜெர்மன்காரம்மா..." என்று ஆரம்பித்தவன் பாத்திரத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"களி கிண்டறோம்ப்பா. உப்புத்தான் இல்ல."

"நான் கொண்டாரேன்."

"வேணாம்ப்பா!" என்று நானும் கோவிந்தராஜுவும் ஒன்றாகக் கத்தினோம். உப்புத்தானே முக்கியம்! வேறு வழியில்லாமல் விஷயத்தை அவனிடம் சொன்னேன். என் மகள் சொன்னதை, அவள் சொன்னபடியே.

அவன் குனிந்து மட்டையை அடுப்புக்குள் தள்ளினான். "எனக்கும் அவங்க போட்டோ வந்துச்சு ஐயா. எம் போட்டோவப் பாத்து அவங்க என்ன சொன்னாங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். யாருமே சொல்லல."

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா."

"அப்ப சரி" என்றான், நிம்மதியாக. கரையில் கிடந்த ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, குழம்புக்குக் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வந்தான். "இதுல உப்பு இருக்கு. கடலு எங்கப்பாவுது இல்ல."

களி கிண்ட இரண்டு ஆள் வேண்டும். நான் மட்டையால் கிண்டினேன், அவன் சூட்டைப் பொறுத்துக்கொண்டு இரண்டு குச்சியால் பாத்திரத்தை அழுத்திப் பிடித்தான். கையில் கொப்புளம் வந்திருக்கும். விடவில்லை. உருண்டை பிடித்து வாழையிலையில் வைத்ததும், "நானும் சாப்பிடட்டுமா?" என்று கேட்டான். களியை அவன் பார்த்ததே இல்லை. ஒரு விள்ளலைக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டு, மென்றான். மென்றுகொண்டே இருந்தான். களியை மெல்லக்கூடாது, தோய்த்து அப்படியே முழுங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். சிரிப்பில் மறந்துபோனோம். அது வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்தும், ஒரு உருண்டையைத் தின்று முடித்தான்.

மாணிக்கம் பின்னால் நின்றதை அப்போதுதான் பார்த்தோம். திட்டுவதற்காகத்தான் வந்திருப்பார். கண் இலையின் மேல் இருந்தது. "ராகியா?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். ஒரு உருண்டையை எடுத்தார். கிள்ளி, தோய்த்து, உள்ளே. கிள்ளி, தோய்த்து, உள்ளே. பல்லே படவில்லை. இரண்டாவது உருண்டை பாதியில் இருக்கும்போது அவர் கை அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டேய் சேகரு," என்றார் மெதுவாக. "பொண்ணு வீட்டுச் சோத்துல நாம கை நனைச்சிட்டோமேடா."

கோவிந்தராஜு சிரித்த சிரிப்பில் ஜெர்மன்காரம்மா வெளியே வந்துவிட்டார்.

"ஆமாப்பா," என்றான் சேகர். "நாம சரின்னு சொல்லியாச்சு. அவங்க இன்னும் சொல்லல."

மாணிக்கம் மிச்சத்தையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் ரயிலடியில் வழியனுப்பும்போது, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். சம்பந்தி என்று சொல்லவில்லை. அவர் எனக்குச் செய்த மரியாதைகளிலேயே அதுதான் பெரிது.

ஓசூரில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். நான் சாப்பிடச் சாப்பிட, வசந்தா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பங்களா, மாணிக்கத்தின் கோபம், கோவிந்தராஜுவின் நண்டு, போட்டோ பற்றி சேகர் கேட்டது. "நல்ல பையன்மா. ஆனா தூரம். உன்னை அவ்வளோ தூரம் அனுப்ப எனக்கு மனசில்ல" என்றும் சொன்னேன்.

அவள் என் தட்டில் கீரை வைத்துக்கொண்டே, "களிய மென்னாரா, முழுங்குனாரா?" என்று கேட்டாள்.

"மென்னாரும்மா. தாடை வலிச்சிருக்கும். ஆனா மிச்சம் வைக்கல."

வசந்தா சிரித்தாள். எழுந்து போய் இன்னொரு உருண்டை கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள்.

"முழுங்கறது ஒரு வாரத்துல வந்துடும்ப்பா. நான் சொல்லிக் குடுத்துக்கறேன். அவங்களுக்குச் சரின்னு கடுதாசி போட்டுடுங்க."

பிறந்ததிலிருந்து களி முழுங்குகிறவன் நான். அந்த உருண்டை மட்டும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.